புதுப் பந்தயக் கார் எதை ஒளித்து வைத்திருக்கிறது, தெரியுமா?

மேடையில் திரை விலகுகிறது, விளக்குகள் சுழல்கின்றன, புத்தம் புதிய ஃபார்முலா ஒன் கார் பளபளவென்று நிற்கிறது. உலகம் முழுக்க ரசிகர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். அங்கே நிற்பது அந்தக் காரே இல்லை என்றால் நம்புவீர்களா? 2022 பிப்ரவரி 9 அன்று ரெட் புல் அணி "இதுதான் எங்கள் ஆர்பி18" என்று ஒரு காரைக் காட்டியது. உண்மையில் அது, புதிய விதிகள் எப்படியிருக்கும் என்று காட்டுவதற்காக ஃபார்முலா ஒன் நிர்வாகம் பொதுவாகச் செய்து வைத்திருந்த மாதிரிக் கார்! ரெட் புல்லின் வண்ணமும் ஸ்டிக்கரும் மட்டும்தான் புதுசு. நிஜமான ஆர்பி18 இரண்டு வாரம் கழித்து பார்சிலோனா சோதனை ஓட்டத்தில்தான் தலைகாட்டியது. அந்த ஆண்டு நடந்த 22 பந்தயங்களில் 17-ஐ வென்றது அந்தக் கார்தான்.

அதே அணி 2010-இல் செய்த வேலை இன்னும் சுவையானது. அந்த ஆண்டு கார் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி, இன்ஜின் புகைக்குழாயைத் தாழ்வாக இறக்கி, சூடான புகையைக் காரின் பின்னடியில் பாயவிட்டிருந்தார். அந்தப் புகை காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்க உதவியது. எதிரணிகள் கண்டுபிடித்துவிட்டால்? புகைக்குழாய் வழக்கமாக இருக்கும் இடத்தில் புகைக்குழாய் மாதிரியே அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள்! தூரத்திலிருந்து படம் எடுப்பவர்கள் அதைப் பார்த்து ஏமாறட்டும் என்று.

இன்னும் பின்னே போனால், 1975 செப்டம்பரில் டிரல் அணி லண்டனில் ஒரு புதுக் காரை அறிமுகம் செய்தது. கார்மேல் துணி போர்த்தியிருந்தது. துணிக்குள்ளே, வழக்கமான முன்சக்கரங்கள் இருப்பதுபோலத் தோன்ற வளையங்கள் வைத்திருந்தார்கள். துணியை உருவியதும் கூடியிருந்தவர்களுக்குப் பேச்சு வரவில்லை. முன்னால் நான்கு குட்டிச் சக்கரங்கள், பின்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், மொத்தம் ஆறு! அது கோமாளித்தனம் என்று நினைத்தவர்கள் உண்டு. 1976 ஜூனில் சுவீடனின் ஆண்டர்ஸ்டார்ப் பந்தயத்தில் ஜோடி ஷெக்டர் முதலிடம், அவருடைய அணித்தோழர் பாட்ரிக் டெபாயே இரண்டாமிடம். ஆறு சக்கரத்தோடு ஜெயித்த ஒரே ஃபார்முலா ஒன் கார் இன்றுவரை அதுதான்.

இத்தனை மறைவு எதற்கு? பந்தயக் காரில் கண்ணால் பார்த்ததைக் கையால் செய்துவிடலாம். ஒரு நல்ல படம் கிடைத்தால் போதும், சில வாரங்களில் அது அடுத்த அணியின் காரில் வந்து உட்கார்ந்துவிடும். 2020-இல் ரேசிங் பாயின்ட் அணியின் இளஞ்சிவப்புக் கார் முந்தைய ஆண்டு மெர்சிடிஸை அப்படியே உரித்து வைத்தாற்போல் வந்தது. படங்களைப் பார்த்தே செய்தோம் என்றது அணி. பிரேக்கைக் குளிர்விக்கும் காற்றுக் குழாய்கள் மட்டும் வில்லங்கமாகி 15 புள்ளிகளும் 4 லட்சம் யூரோவும் தண்டமாகப் போயின. அதன்பிறகுதான், எதிரணிக் காரை முப்பரிமாண கேமராவால் அளந்து நகல் எடுக்கக் கூடாது என்று விதியே எழுதினார்கள்.

கண்ணால் மட்டும் பார்த்தால் பரவாயில்லை, கையால் தொட்டால்? 2021 பிரேசில் தகுதிச் சுற்று முடிந்ததும் ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன், எதிரணி ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டன் காரின் பின் இறக்கையை விரலால் தொட்டுப் பார்த்தார். வளைகிறதா என்ற சந்தேகம். அபராதம் எவ்வளவு தெரியுமா? 50,000 யூரோ!

கேமராவின் வலிமையை அறிய 1997-க்குப் போக வேண்டும். ஆஸ்திரிய பந்தயத்தில் டேரன் ஹீத் என்ற புகைப்படக்காரர் தன் படங்களைக் கழுவிப் பார்க்கிறார். மெக்லாரன் கார் வளைவிலிருந்து வேகமெடுத்து வெளியே வருகிறது, ஆனால் உட்புறப் பின்சக்கரத்தின் பிரேக் தட்டு மட்டும் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருக்கிறது. வேகமெடுக்கும்போது யாராவது பிரேக் பிடிப்பார்களா? அதுவும் ஒரே ஒரு சக்கரத்தில்? ஒரு வாரம் கழித்து ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் இரண்டு மெக்லாரன்களும் அடுத்தடுத்து இன்ஜின் கோளாறால் ஓரம் கட்டின. நின்றுபோன காருக்குள், ஓட்டுநரின் கால் வைக்கும் இருட்டுப் பொந்துக்குள், ஹீத் கேமராவை விட்டு ஃபிளாஷைத் தட்டினார். படத்தில் பிரேக் பெடல் இரண்டு! ஒன்று வழக்கமானது. மற்றொன்று, ஒரு பின்சக்கரத்தை மட்டும் பிடித்து, காரை வளைவுக்குள் இன்னும் வேகமாகத் திருப்பிவிடும் ரகசியப் பெடல். எதிரணிப் பொறியாளர்கள் அத்தனை பேரும் கோட்டை விட்டதை ஒரு புகைப்படக்காரரின் கண் பிடித்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அதற்குத் தடை வந்துவிட்டது.

சரி, இவர்கள் ஒளித்து வைப்பதெல்லாம் எதற்காக? பெரும்பாலும் காற்றுக்காக. பந்தயத்தில் நேர்கோட்டு வேகத்தைவிட வளைவில் எடுக்கும் வேகம்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. டயர் தரையை இறுகப் பிடித்தால் வளைவில் வேகம் குறைக்க வேண்டாம். டயரை அழுத்தக் காரின் எடையைக் கூட்டினால் கார் மந்தமாகிவிடும். எடை ஏறாமல் அழுத்தம் மட்டும் வேண்டும். அதைக் காற்றால் கொடுக்க முடியும், இலவசமாக! டவுன்ஃபோர்ஸ் என்று இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

எப்படி என்று இப்போதே பார்த்துவிடலாம். இரண்டு தாள்களை எடுத்து, விரல்கடை இடைவெளி விட்டு முகத்துக்கு முன்னால் தொங்கவிட்டு, நடுவில் பலமாக ஊதுங்கள். விலகிப் பறக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இரண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும்! நடுவில் ஓடும் காற்றின் அழுத்தம் குறைந்துபோகிறது, வெளிக்காற்று இரண்டு தாளையும் உள்ளே தள்ளுகிறது. ஒரு தாளுக்குப் பதில் காரின் அடிப்பரப்பு, இன்னொரு தாளுக்குப் பதில் சாலை. அவ்வளவுதான், காரைத் தரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்.

இந்த வித்தை ஃபார்முலா ஒன்னுக்கு வந்த கதை தெரியுமா? 1970-களின் நடுவில் லோட்டஸ் அணியின் பீட்டர் ரைட், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் ஒரு மாதிரிக் காரை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்கள் நிலையாக நிற்கவே இல்லை, தாறுமாறாக ஏறின. என்ன கோளாறு என்று குனிந்து பார்த்தால், மாதிரிக் காரின் இரு பக்கப் பெட்டிகளும் போதிய பலமில்லாமல், காற்று வேகமெடுக்க எடுக்கத் தொய்ந்து தரையை நெருங்கிக்கொண்டிருந்தன. வேறொருவர் என்றால் முட்டுக் கொடுத்து நிமிர்த்தியிருப்பார். இவர்களோ, தரைக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த கொஞ்சநஞ்ச இடைவெளியையும் அட்டையை வைத்து அடைத்துப் பார்த்தார்கள். டவுன்ஃபோர்ஸ் எகிறியது! அந்த அட்டையின் வழிவந்த லோட்டஸ் 79-ஐ ஓட்டித்தான் மாரியோ ஆண்ட்ரெட்டி 1978-இல் உலக சாம்பியன் ஆனார்.

லோட்டஸைப் பார்த்து மற்ற அணிகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தன. அதில் பிராபம் அணியின் கார்டன் முர்ரேவுக்குப் பெரிய இக்கட்டு. அவருடைய காரில் இருந்த ஆல்ஃபா ரோமியோ இன்ஜின் 12 சிலிண்டர்களோடு அகலமாகப் படுத்துக் கிடந்தது. லோட்டஸ் மாதிரி காற்று ஓடும் சுரங்கங்களை அமைக்க இடமே இல்லை. முர்ரே என்ன செய்தார் தெரியுமா? காரின் பின்புறம் ஒரு பெரிய மின்விசிறி போன்ற ஒன்றை மாட்டிவிட்டார்! இன்ஜின் சுழலச் சுழல விசிறியும் சுழலும், காருக்கு அடியில் இருக்கும் காற்றை அப்படியே உறிஞ்சிப் பின்னால் துப்பும். சுற்றிலும் தரையைத் தொடும் தடுப்புகள். கார் ஓட வேண்டும் என்றுகூட இல்லை, நின்ற இடத்திலேயே தரையைக் கவ்விக்கொள்ளும்.

காற்றுக்காக எந்தப் பாகமும் அசையக் கூடாது என்று விதி இருந்ததே? அதற்கும் பதில் வைத்திருந்தார். ரேடியேட்டரைத் தூக்கி இன்ஜின்மேல் கிடைமட்டமாக வைத்து, விசிறி இழுக்கும் காற்றில் பாதிக்கு மேல் அதன் வழியாகப் போகும்படி செய்தார். அப்படியானால் விசிறியின் முதன்மை வேலை இன்ஜினைக் குளிர்விப்பது, உறிஞ்சுவது உபரி! சுவீடனில் கார் நின்றுகொண்டிருக்கும்போது விசிறியைக் குப்பைத்தொட்டி மூடியால் மூடி வைத்திருந்தார்கள். ஆனால் ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தால் போதும், நின்ற கார் கண்ணெதிரே பொசுக்கென்று தரையை நோக்கி அமுங்கும். அதை எந்த மூடியால் மறைக்க முடியும்?

1978 ஜூன் 17, மறுபடியும் அதே ஆண்டர்ஸ்டார்ப். உண்மையான வேகம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று தகுதிச் சுற்றில் இரண்டு பிராபம்களும் பெட்ரோல் டாங்கை நிரப்பிக்கொண்டு ஓடின. பந்தயத்தின் நடுவில் வேறொரு கார் தடத்தில் எண்ணெயைக் கொட்டியது. எல்லோரும் வழுக்கிக்கொண்டு வேகத்தைக் குறைக்க, பிராபம் ஓட்டிய நிக்கி லாவுடா எண்ணெயே இல்லாததுபோல் ஓட்டிக்கொண்டு போனார். 34 வினாடிக்கும் மேலான வித்தியாசத்தில் வெற்றி! எதிரணிகள் கொதித்துப் போயின. அணியின் முதலாளி பெர்னி எக்லஸ்டன் அணிகளின் சங்கத்துக்கும் தலைவர். சங்கமே உடைந்துவிடும் நிலை வந்ததும் காரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பந்தயம் ஒன்று, வெற்றி ஒன்று, அதோடு அருங்காட்சியகம். பந்தய வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான கார் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் விசிறி யோசனையில் முர்ரேவுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1970-இல் அமெரிக்காவில், டெக்ஸஸைச் சேர்ந்த ஜிம் ஹால் தன்னுடைய சாப்பரல் 2ஜே காரின் பின்னால் இரண்டு விசிறிகளை வைத்தார். அவற்றைச் சுழற்றுவதற்கென்றே பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியின் இன்ஜின் ஒன்று தனியாக! அதையும் தடை செய்தார்கள்.

ஃபார்முலா ஒன் கார் போதிய வேகத்தில் போனால் அதன் டவுன்ஃபோர்ஸ் எடையை மிஞ்சிவிடும், ஆகவே கூரையில் தலைகீழாகவே ஓடலாம் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். செய்து காட்டியவர் யாருமில்லை. 2025 ஏப்ரலில் அது நடந்தேவிட்டது! பிரிட்டனின் மெக்மர்ட்ரி நிறுவனத்தின் ஸ்பியர்லிங் என்ற குட்டி மின்சாரக் கார், சுழலும் மேடை ஒன்றில் தலைகீழாகத் திருப்பப்பட்டு, தொங்கியபடியே முன்னால் நகர்ந்தது. உள்ளே அமர்ந்து ஓட்டியவர் நிறுவனர்களில் ஒருவரான தாமஸ் யேட்ஸ். அந்தக் காரின் ரகசியமும் விசிறிதான். நின்றுகொண்டிருக்கும்போதே 2,000 கிலோ அழுத்தத்தைத் தருகிறது.

எல்லா விந்தையும் இப்படிப் பிரமாண்டமாக இருக்க வேண்டியதில்லை. சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத ஒரு தகடு உலகத்தையே மாற்றியிருக்கிறது. 1971, அரிசோனாவின் ஃபீனிக்ஸ் தடம். ஓட்டுநர் பாபி அன்சருக்குக் காரில் வேகம் வரவில்லை. அணித்தலைவர் டேன் கர்னி யோசித்துவிட்டு, அலுமினியப் பட்டை ஒன்றை 'எல்' வடிவில் மடித்து, பின் இறக்கையின் விளிம்பில் நிமிர்ந்து நிற்கும்படி பொருத்தினார். முக்கால் மணி நேர வேலை. அன்சர் சில சுற்று ஓட்டிவிட்டு வந்தார். நேரம் குறையவே இல்லை. சுற்றி நின்றவர்களுக்கு ஏமாற்றம். அன்சர் கர்னியைத் தனியே கூப்பிட்டு, மெதுவான குரலில் விஷயத்தைச் சொன்னார்: பின்பக்கம் தரையோடு அப்படி ஒட்டிக்கொண்டது, அதனால்தான் முன்பக்கம் வழுக்குகிறது, முன்னால் கொஞ்சம் டவுன்ஃபோர்ஸ் கூட்டினால் யாரும் நம் பக்கத்தில் வர முடியாது!

இது என்ன பட்டை என்று எதிரணிக்காரர் விசாரித்தபோது கர்னி சொன்ன பதில்: காரைத் தள்ளும்போது கை கிழியாமல் இருக்கத்தான்! கேட்டவர்கள் நம்பினார்கள். நம்பாமல் நகல் எடுத்தவர்களிலும் சிலர் தகட்டைக் கீழ்நோக்கி மாட்டிக்கொண்டு இருந்த வேகத்தையும் இழந்தார்கள். கர்னி ஃபிளாப் என்ற பெயரில் அது இன்று ஹெலிகாப்டர்களில்கூட இருக்கிறது.

யூகம் செய்து செய்து உலகமே திண்டாடியது என்றால் 2010 மெக்லாரனைத்தான் சொல்ல வேண்டும். எம்பி4-25 என்ற அந்தக் காரின் முன்பகுதியில், ஓட்டுநருக்குச் சற்று முன்னால், ஒரு சின்னக் காற்றுப் புழை நீட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநருக்குக் குளுகுளுவென்று காற்று வர என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் நேர்கோட்டில் மெக்லாரன் மட்டும் பேய் வேகத்தில் பறந்தது. புழையில் நுழைந்த காற்று ஒரு குழாய் வழியே காக்பிட்டுக்குள் வந்தது. அங்கே ஒரு ஓட்டை. ஓட்டை திறந்திருந்தால் காற்று அங்கேயே வெளியேறும். நேர்கோட்டுக்கு வந்ததும் ஓட்டுநர் தன் உடம்பால் அந்த ஓட்டையை அடைப்பார். போக வழியில்லாத காற்று, இன்ஜின் மூடியின் உள்ளே ஓடும் குழாயில் திரும்பிப் பின் இறக்கையின் நுண்ணிய பிளவு வழியாக வெளியே பீறிடும். அவ்வளவுதான், இறக்கையின்மேல் ஒட்டி ஓடிக்கொண்டிருந்த காற்றோட்டம் கலைந்துபோகும். இறக்கை வேலை நிறுத்தம் செய்யும். அதன் இழுவை குறையும். வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர்வரை கூடும்!

காற்றுக்காக அசையும் பாகம் கூடாது என்ற விதி அப்போதும் இருந்தது. இங்கே காரில் எந்தப் பாகமும் அசையவில்லையே? அசைந்தது ஓட்டுநர்! மனித உடம்பைக் காரின் பாகம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. எத்தனை அழகான யோசனை பாருங்கள். உடனே எல்லா அணிகளும் இதைச் செய்யப் பறந்தன. ஃபெராரி ஓட்டுநர்கள் இடது புறங்கையால் ஓட்டையை மூட வேண்டியிருந்தது. 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்! ஆபத்து என்று அந்த ஆண்டோடு தடை செய்தார்கள். அது செய்த வேலையைச் சட்டப்படி செய்ய 2011-இல் வந்ததுதான், பொத்தானை அழுத்தினால் பின் இறக்கை திறக்கும் டிஆர்எஸ்.

விதிப் புத்தகத்தின் ஒரு வரியிலிருந்து ஒரு சாம்பியன்ஷிப்பே பிறந்த கதையும் உண்டு. 2008 டிசம்பரில் ஹோண்டா தன் அணியை மூடுவதாக அறிவித்தது. தலைவர் ராஸ் பிரான் அணியைத் தானே எடுத்துக்கொண்டார். 2009-இல் அந்த அணியின் வெள்ளைக் கார் முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்றது! காரின் அடித்தளத்தில் ஓட்டை இருக்கக் கூடாது என்பது விதி. பிரானின் பொறியாளர்கள் இரண்டு தனித்தனிப் பரப்புகளை மேலும் கீழுமாக வைத்து, நடுவில் ஓர் இடைவெளி விட்டார்கள். ஓட்டை இல்லை, இடைவெளி! அதன் வழியே காற்று ஏறி, பின்னடியில் காற்றை வெளியேற்றும் டிஃப்யூசர் இன்னொன்றுக்குள் பாய்ந்தது. டொயோட்டாவும் வில்லியம்ஸும்கூட இந்த வரியை இதே மாதிரி வாசித்திருந்தன. வழக்கு மேல்முறையீடுவரை போய், ஏப்ரல் 15 அன்று செல்லும் என்று தீர்ப்பானது. இந்த விதிகளை மாற்றி எளிமையாக்கலாம் என்று பிரான் 2008 மார்ச்சிலேயே கூட்டத்தில் சொல்லிப் பார்த்தார், தன் கையில் இருக்கும் யோசனையை மட்டும் வெளியிடாமல். மற்றவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

2014-இல் லோட்டஸின் மூக்கைப் பார்த்தவர்களுக்கு இது யானைத் தந்தமா, கார் மூக்கா என்றே புரியவில்லை. இரண்டு முனைகள்! மூக்கின் நுனியில் இத்தனை பரப்பளவுள்ள ஒரே குறுக்குவெட்டு இருக்க வேண்டும் என்பது விதி. லோட்டஸ் ஒரு முனையை மற்றதைவிடச் சற்று நீளமாக்கியது. அளவெடுக்கும் இடத்தில் ஒரே முனைதான் இருக்கிறது, விதி நிறைவேறியது. இரண்டுக்கும் நடுவே காற்று தாராளமாக ஓடும். மூளைக்கு முழு மதிப்பெண்! பந்தயத்தில் கிடைத்தது என்னவோ அந்த ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 10 புள்ளிகள். 2004-இல் வில்லியம்ஸ் காரின் அகன்ற கடல்யானை மூக்கும் அப்படித்தான், பாதி ஆண்டில் கழற்றிவிட்டார்கள்.

அதிசய வடிவம் எப்போதும் ஜெயிக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2022 மார்ச் 10 காலை, பஹ்ரைன் பாலைவனத்தில் சாகிர் தடம். மூன்று வாரம் முன்பு அறிமுகமான மெர்சிடிஸ் டபிள்யூ13 கராஜிலிருந்து வெளியே வருகிறது. எங்கே பக்கப் பெட்டிகள்? ரேடியேட்டர்களை வைத்திருக்கும் அந்தப் பருத்த பக்கங்களை எல்லா அணிகளும் வைத்திருக்கின்றன. மெர்சிடிஸிலோ அவற்றை வழித்து எடுத்ததுபோல் கார் இடுப்பொடுங்கி நின்றது! பக்கவாட்டு மோதலிலிருந்து ஓட்டுநரைக் காக்கும் கட்டாயத் தண்டு ஒன்றுண்டு. அதைத் தனியே வெளியில் நீட்டி, இறக்கை மாதிரி உறையிட்டு, அதன்மேல் கண்ணாடியைப் பொருத்தியிருந்தார்கள். எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அணிப் பட்டம் வென்றவர்கள் அவர்கள். இது எத்தனை வினாடி வேகம் தரும், செல்லுமா செல்லாதா, மற்ற அணிகள் இனி என்ன செய்யும் என்று உலகமே கணக்குப் போட்டது.

கார் ஓட ஆரம்பித்ததும் குதித்தது. நேர்கோட்டில், அதிவேகத்தில், தலை மேலும் கீழுமாக ஆட ஆட, தொடர்ந்து குதித்தது. தாள் சோதனையின் மறுபக்கம் இது: அடிக்காற்று காரை உறிஞ்சி உறிஞ்சி இடைவெளியைக் குறைக்கிறது, ஒரு கட்டத்தில் இடைவெளி மிகவும் சுருங்கி ஓட்டம் அறுந்துபோகிறது, பிடி விட்ட கார் துள்ளி எழுகிறது, எழுந்ததும் காற்று மறுபடி ஓடி மறுபடி உறிஞ்சுகிறது. அந்த ஆண்டு எல்லா அணிக்கும் ஓரளவு இந்தத் தொல்லை இருந்தது. மெர்சிடிஸுக்கு மிக மோசம். ஜூனில் பாகு நகரப் பந்தயம் முடிந்து ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்க முடியாமல் இறங்கியதை யார் மறப்பார்கள்? டபிள்யூ13-க்கு அந்த ஆண்டில் கிடைத்தது பிரேசிலில் ஜார்ஜ் ரஸல் பெற்ற ஒரே வெற்றி. 2023 மே மாதம் மோனகோவில் ஒல்லி இடுப்பையே கைவிட்டார்கள். உலகம் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிக்கலின் வேர் பெரும்பாலும் யாரும் பார்க்க முடியாத அடிப்பரப்பில் இருந்தது. தோற்ற காராக இருந்தாலும் அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஜெயித்துக்கொண்டே இருந்தவர்கள் அப்படியொரு தாவலுக்குத் துணிந்தார்களே!

அந்த அடிப்பரப்பு எத்தனை பெரிய ரகசியம் தெரியுமா? அதே 2023 மோனகோவில், தகுதிச் சுற்றில் செர்ஜியோ பெரேஸின் ரெட் புல் தடுப்பில் மோதியது. கிரேன் அதை நேராக வானத்துக்குத் தூக்கியது. அந்த ஆண்டு யாராலும் நெருங்க முடியாத காரின் அடிவயிறு, மேடும் பள்ளமும் வளைவும் சுருளுமாக, பட்டப்பகலில் அந்தரத்தில் தொங்கியது! புகைப்படக்காரர்கள் சுட்டுத் தள்ளினார்கள். ஒவ்வோர் அணியிலும் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்காத பொறியாளர் இருந்திருக்க மாட்டார்.

படம் இருந்தால் உடனே சோதித்துவிட முடியுமா என்றால், அதற்கும் பூட்டு உண்டு. காற்றுச் சுரங்கத்தில் 60 சதவீத அளவு மாதிரியைத்தான் வைக்கலாம், காற்று மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இன்னொன்று கேளுங்கள்: முதலிடம் பிடித்த அணிக்கு அடிப்படை அளவில் 70 சதவீதச் சோதனை நேரம்தான், பத்தாவது இடத்துக்கு 115 சதவீதம்! ஜெயித்தவர் யோசிக்கும் நேரத்தைப் பிடுங்கித் தோற்றவருக்குக் கொடுக்கும் இந்த ஏற்பாடு மிக நியாயமானது என்பேன். தடத்தில் ஓடும்போது காற்றைக் கண்ணால் காண வேறு வழி வைத்திருக்கிறார்கள். பாரஃபின் எண்ணெயில் ஒளிரும் பொடியைக் குழைத்துக் காரில் அப்பி, ஒரு சுற்று ஓட்டி வருவார்கள். காற்று போன வழியெல்லாம் பச்சைக் கோடுகளாகக் காய்ந்திருக்கும்.

ஃபார்முலா ஒன்னுக்கு வெளியே பார்த்தால், 2022-இல் பெஜோ நிறுவனம் பின் இறக்கையே இல்லாத 9எக்ஸ்8 காரைக் களமிறக்கியது. டவுன்ஃபோர்ஸ் மொத்தத்தையும் அடிப்பரப்பே தரும் என்று. பார்க்க அத்தனை அழகு! 2024-இல் இறக்கை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

முதன்முதலில் காருக்கு இறக்கை வைத்தவர் யார்? 1928 மே 23 அன்று பெர்லினின் அவுஸ் தடத்தில், 24 ராக்கெட்டுகள் பொருத்திய ஓப்பல் ஆர்ஏகே 2 காரை ஃபிரிட்ஸ் ஃபான் ஓப்பல் மணிக்கு 238 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். கார் வானத்தில் எழும்பிவிடக் கூடாதே என்று இரு பக்கமும் தலைகீழ் இறக்கைகள்! 1956-இல் மைக்கேல் மே என்ற சுவிஸ் இளைஞர், தன் போர்ஷே காரின் மேல், தன் தலைக்கு உயரே ஓர் இறக்கையை நிறுத்தி நூர்பர்க்ரிங்குக்குக் கொண்டுவந்தார். ஓட்டிக்கொண்டே அதன் சாய்வை மாற்றிக்கொள்ளலாம். பின்னால் வருபவர்களுக்குப் பார்வை மறைக்கிறது என்று சொல்லி அமைப்பாளர்கள் கழற்ற வைத்தார்கள்.

அதன்பின் 12 ஆண்டுகள் கழித்துத்தான் ஃபார்முலா ஒன்னுக்கு இறக்கை முளைத்தது. ஒல்லிக் கம்பிகளின்மேல் ஆளுயரத்துக்கு நிறுத்தினார்கள். 1969 மே 4, பார்சிலோனாவின் மோன்ட்யுயிக் தடம். கிரஹாம் ஹில்லின் லோட்டஸில் இறக்கை முறிந்து கார் தடுப்பில் போய் மோதியது. சில சுற்று கழித்து அவருடைய அணித்தோழர் யோகன் ரிண்ட்டுக்கும் அதே இடத்தில் இறக்கை முறிந்தது. நொறுங்கிக் கிடந்த ஹில்லின் கார் மீதே போய் விழுந்தார். அடுத்து மோனகோவில், வார இறுதியின் நடுவிலேயே உயர்ந்த இறக்கைகளுக்குத் தடை. இறக்கைகள் பிறகு திரும்பி வந்தன, தாழ்வாக, காரோடு இறுக்கமாக, அசையாமல்.

2026-இல் விதிப் புத்தகமே புரண்டு படுத்திருக்கிறது. கார் 10 சென்டிமீட்டர் ஒடுங்கி, முன்பின் சக்கரங்களுக்கு இடையே 20 சென்டிமீட்டர் குறைந்து, குறைந்தபட்ச எடை 768 கிலோவுக்கு இறங்கியிருக்கிறது. டபிள்யூ13-ஐக் குதிக்கவைத்த அந்த நீண்ட அடிச்சுரங்கங்கள் போய்விட்டன. டிஆர்எஸ் போய்விட்டது. முன் இறக்கையும் பின் இறக்கையும் இரண்டுமே நேர்கோட்டில் படுத்துக்கொள்ளலாம், வளைவில் நிமிர்ந்துகொள்ளலாம். முன்னால் போகும் காரை ஒரு வினாடிக்குள் நெருங்கியிருக்க வேண்டும் என்று டிஆர்எஸ்ஸுக்கு இருந்த நிபந்தனைகூட இதற்கு இல்லை. மைக்கேல் மே தனியொருவராகச் செய்து கொண்டுவந்து, கழற்றச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட அந்தச் சாயும் இறக்கை, 70 ஆண்டுகள் கழித்து, 11 அணிகளின் 22 கார்களிலும் சட்டப்படி சாய்ந்து நிமிர்கிறது!